ஐந்து வயதோடு முடிகிற பத்தியம் அல்ல

ஆசிரியருக்கு,

பிறவி வளர்சிதைமாற்றக் குறைபாடுகள் பற்றிய உங்கள் கட்டுரையில், பி.கே.யூ. எனப்படும் பினைல்கீட்டோனூரியாவை (புரத உணவில் உள்ள பினைல்அலனின் என்ற பொருளை உடலால் சரியாகச் சிதைக்க முடியாத நோய்) ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள்: பிறந்ததும் கண்டுபிடித்து உணவை மாற்றினால் குழந்தை எல்லோரையும் போல வளர்ந்துவிடும் என்று. பெரும்பாலும் சரி. ஆனால் அந்த வரி பெற்றோரை அசட்டையாக இருக்கவிட்டுவிடும்.

சிகிச்சையின் பலன் சாதாரணமானதல்ல. கவனிக்காமல் விட்டால் அறிவு வளர்ச்சியைக் கடுமையாகப் பாதிக்கும் நோய் இது. 1950களில் ஹார்ஸ்ட் பிக்கல் என்ற மருத்துவர் பினைல்அலனின் குறைந்த உணவுமுறையை வகுத்தார். 1960களில் ராபர்ட் கத்ரி என்ற விஞ்ஞானி, குழந்தையின் குதிகாலில் எடுத்த சில துளி இரத்தத்திலேயே நோயைக் கண்டுபிடிக்க வழி செய்தார். இப்போது தொடக்கத்திலேயே சிகிச்சை பெறுபவர்களின் ஐ.க்யூ. பொதுவாக இயல்பான அளவில்தான் இருக்கிறது.

ஐ.க்யூ. எண்ணில் தெரியாத சங்கதிகளும் உண்டு. இரத்தத்தில் பினைல்அலனின் கூடினால், டைரோசின் என்ற இன்னொரு புரதக்கூறு மூளைக்குள் போவது குறையும். இரண்டும் ஒரே வாசலுக்குப் போட்டி போடுபவை. டைரோசின் குறைந்தால், அதிலிருந்து உருவாகி மூளைச் செல்களுக்கிடையே செய்தி கடத்தும் டோபமைனும் குறையும். மூளையின் முன்பகுதிக்கு டோபமைன் முக்கியம். திட்டமிடுவது, சொன்னதை மனதில் நிறுத்தி வேலை செய்வது, வேகம், கவனம் ஆகியவற்றில் சிலருக்குச் சறுக்கல் வருவது அதனால்தான் என்கிறார்கள். கணக்கு தெரியும், ஆனால் நேரத்துக்குள் முடியாது. வகுப்பில் ஆசிரியர்களான நாங்கள் இதற்குச் சோம்பல் என்று சுலபமாகப் பெயர் வைத்துவிடுவோம். எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை. சிறுவயது முதலே அளவைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்களுக்குப் பாதிப்பு குறைவு.

முன்பெல்லாம் ஐந்தாறு வயதில் பத்தியத்தை நிறுத்திவிடுவார்கள். அப்புறம்தான் சிக்கல்கள் தெரிந்தன. இன்று ஆயுள் முழுக்க என்பதே பரிந்துரை. எவ்வளவு கண்டிப்பு என்பதில் மருத்துவர்களே ஒத்துப்போவதில்லை: 12 வயதுக்கு மேல் இரத்தத்தில் பினைல்அலனின் லிட்டருக்கு 600 மைக்ரோமோல் வரை போகலாம் என்கிறது ஐரோப்பிய வழிகாட்டி, அமெரிக்கர்கள் எந்த வயதிலும் 360 தாண்டக் கூடாது என்கிறார்கள். கருத்தரிக்க நினைக்கும், இந்நோய் உள்ள பெண்கள் கண்டிப்பாக இருக்க வேண்டும் என்பதில் மட்டும் விவாதமே இல்லை. தாயின் பினைல்அலனின் அளவு கூடினால், நோயே இல்லாத சிசுவின் மூளையும் இதயமும் பாதிக்கப்படலாம்.

இந்தப் பத்தியத்தில் புரதம் மிகுந்த பருப்பு, தயிர், முட்டை கிடையாது. சோற்றைக்கூட அளந்துதான் போட வேண்டும். பதினாறு வயதுப் பிள்ளை நண்பர்களோடு ஹோட்டலுக்குப் போய் என்ன சாப்பிடும்? புரதத்துக்குப் பதிலாகத் தரப்படும் பினைல்அலனின் இல்லாத மாவின் செலவை யார் தாங்குவது? அடுத்த கட்டுரையில் இதை எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
தஞ்சாவூர்