திருவாதிரை நூர்ந்து போகாது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். நட்சத்திரங்களின் வாழ்வு பற்றி கடந்த ஞாயிறு உங்கள் அறிவியல் பக்கத்தில் வந்த கட்டுரையை ஒட்டுசுட்டானுக்கு அப்பால் ஒரு காவல் கொட்டிலில் இருந்து வாசித்தேன். காலபோக நெல் குடலைப் பருவத்தில் நிற்கிறது, யானை வரும். அதனால் இரவு முழுக்கக் கட்டை எரித்துக்கொண்டு முழித்திருக்க வேண்டும். பக்கத்து வயல்காரத் தம்பிதான் டோர்ச் அடித்து உரத்து வாசித்தான். எரிபொருள் தீர்ந்ததும் நட்சத்திரம் குளிர்ந்து விளக்குப் போல அணைந்துவிடும் என்ற இடத்தில் நிறுத்தி, மேலே பார்த்தான்.

"அப்ப சேர், திருவாதிரையும் எண்ணெய் முடிஞ்சால் நூந்து போயிடுமே?"

உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பித்து ஓய்வுபெற்றவன் நான். அன்று அவனுக்குச் சொன்னதையே உங்களுக்கும் எழுதுகிறேன்.

முதலில் இந்த 'எரிதல்'. சூரியன் முழுக்க நிலக்கரியாக இருந்து எரிந்திருந்தால் சில ஆயிரம் ஆண்டுகளில் கதை முடிந்திருக்கும். அதன் வயதோ 460 கோடி ஆண்டு. உள்ளே ஐதரசன் அணுக்கருக்கள் சேர்ந்து ஈலியம் ஆகின்றன. செக்கனுக்கு ஏறத்தாழ 60 கோடி தொன் ஐதரசன் இப்படி மாற, 40 இலட்சம் தொன் திணிவு சக்தியாகிப் போய்விடுகிறது. கேட்கும்போது ஊழித்தீ போல இருக்கும். ஆனால் சூரியனின் நடுமையத்தில் ஒரு கன மீற்றர் இடம் தருகிற வலு 275 வாற்று அளவுதான், மூன்று பழைய நூறு வாற்று மின்குமிழுக்கும் குறைவு. 2021இல் இலங்கை அரசு இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தியபோது வளவுக்கு வளவு கூட்டெருக் கும்பி போட்டோமே, ஏறக்குறைய அந்தக் கும்பி உக்கிச் சூடாகிற வேகம்தான். என்ன, இந்தக் கும்பிக்குள் 13 இலட்சம் பூமிகளைப் போடலாம்!

சரி, முக்கியமான பிழைக்கு வருகிறேன். கொட்டில் நெருப்பில் கட்டை முடிந்தால் குளிரும். நட்சத்திரம் தன் பாரத்தாலேயே எந்நேரமும் உள்ளே நெரிந்துகொண்டிருப்பது; சூடான வாயுவின் அமுக்கம்தான் அதைத் தாங்கி வைத்திருக்கிறது. மையத்தில் ஐதரசன் முடிந்தாலும் வெப்பம் வெளியே போவது நிற்காது. ஈடுகட்ட வழியில்லாமல் மையம் சுருங்கும். சுருங்கும்போது விடுபடுகிற ஈர்ப்புச் சக்தியில் பாதிதான் வெளியேறும், மற்றப் பாதி மையத்தையே சூடாக்கும். அதாவது வெப்பத்தை இழக்க இழக்க அது இன்னும் சூடாகிறது. கடனுக்கு மேல் கடன்பட்டு வசதியாகிற ஆள் மாதிரி என்று வகுப்பில் சொல்வேன். பிள்ளைகள் சிரிப்பார்கள், சோதனையில் பழையபடி 'குளிரும்' என்றே எழுதுவார்கள்.

இன்று சூரியனின் மையம் ஒன்றரைக் கோடி பாகை. இன்னும் 500 கோடி ஆண்டு அளவில் அங்கே ஐதரசன் முடியும். மையம் சுருங்கிப் பத்துக் கோடி பாகை ஆனதும் ஈலியம் காபனாக மாறத் தொடங்கும். அந்த நேரம் வெளிப்புறம் ஊதிச் சிவந்திருக்கும், மேற்பரப்பு உண்மையிலேயே முன்னைவிடக் குளிர்ந்திருக்கும். உங்கள் கட்டுரையாளர் ஏமாந்த இடம் இதுவாக இருக்கலாம். அவர் வெளித்தோலைப் பார்த்திருக்கிறார்.

திருவாதிரைக்கு, அதாவது வானியலார் பீட்டல்ஜூஸ் என்கிற நட்சத்திரத்துக்கு, சூரியனைப்போல் பத்து மடங்குக்கும் மேற்பட்ட திணிவு. இப்படியானவை பெரிய செலவாளிகள். ஐதரசன் ஒரு கோடி ஆண்டு அளவுக்குத் தாங்கும், ஈலியம் பத்து இலட்சம், காபன் ஆயிரம். ஒட்சிசன் ஓரிரு வருடத்துக்குக் காணும். கடைசியில் சிலிக்கன் ஒருசில நாட்களில் இரும்பாகி முடிந்துவிடும். ஒவ்வொரு படியிலும் மையம் முன்னையதைவிடச் சூடு. இரும்பை மேலும் சேர்த்தால் சக்தி வராது, செலவாகும். அப்போது இரும்பு மையம் ஒரு செக்கனுக்குள் இடிந்து விழும், அதன் அதிர்ச்சியில் வெளிப்பகுதி வெடித்துச் சிதறும். 1987 பெப்ரவரியில் நம் பால்வீதிக்கு அயலிலுள்ள விண்மீன் பேரடை ஒன்றில் ஒரு நட்சத்திரம் இப்படி வெடித்தபோது, அந்த வெளிச்சம் தெரிவதற்குச் சில மணிநேரம் முன்பே ஜப்பானிலும் அமெரிக்காவிலும் நிலத்தடித் தண்ணீர்த் தொட்டிகளில், மையம் இடிந்தபோது கிளம்பிய நியூத்திரினோக்கள் என்ற நுண்துகள்கள் பதிவாகின. 2019 கடைசியில் திருவாதிரை மங்கியபோதும் வெடிக்கப் போகிறது என்று ஒரே பேச்சு. தூசு மறைத்திருந்தது, அவ்வளவுதான்.

கட்டுரையில் பாதி நியாயமும் உண்டு, அதை மறைக்கக்கூடாது. சூரியன் போன்றவை முடிவில் வெண்குள்ளன் என்கிற சுருங்கிய எச்சமாகி மெய்யாகவே குளிரும். அங்கே பாரத்தைத் தாங்குவது நெருக்குண்ட இலத்திரன்களின் அமுக்கம், அதற்குச் சூடு வேண்டியதில்லை. அந்தத் தாங்கலுக்கும் சூரியனின் திணிவைப்போல் 1.4 மடங்கு என்று ஓர் எல்லை இருக்கிறது. சென்னையில் படித்துவிட்டு 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறிய 19 வயதுப் பொடியன் சந்திரசேகர் போட்ட கணக்கு அது. 1935இல் பேர்பெற்ற ஆங்கில வானியலாளர் எடிங்டன் அதை இலண்டன் வானியற் சங்கச் சபையில் வைத்து நையாண்டி செய்தார். நோபல் பரிசு வர 1983 ஆகிவிட்டது. தமிழ்ப் பத்திரிகையில் இந்த விடயத்தை முழுப்பக்கம் எழுதி அவர் பெயரை ஓரிடத்திலும் சொல்லாததில் எனக்கு மனவருத்தம்தான்.

தம்பி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வெடிச்சால் யானை ஓடுமோ சேர்?" என்றான். சத்தம் வராது, பாதி நிலவு அளவுக்கு வெளிச்சம் வரும், பல மாதம் பகலிலும் தெரியும் என்றேன். அப்படியென்றால் காவலுக்கு நல்லது என்றான். ஆனால் குளிர்வது பற்றி மட்டும் இன்னும் நம்பவில்லை, பேப்பரில் வேறு மாதிரிப் போட்டிருக்கிறதே என்கிறான். ஆகவே அடுத்த ஞாயிறு ஒரு சின்னத் திருத்தம் போட்டால், கொண்டுபோய்க் காட்ட உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
ஒட்டுசுட்டான்.