உக்கிராண அறைக்கு ஆள் தேவை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறன்று தங்கள் நாளிதழின் ஆன்மிகப் பக்கத்தில் ஆவிக்குரிய வரங்களைப் பற்றி, அதாவது கிறிஸ்தவ சபையில் ஊழியம் செய்யக் கடவுள் ஒவ்வொருவருக்கும் கொடுக்கும் திறன்களைப் பற்றி, வந்த கட்டுரையைப் படித்தேன். பிரசங்கம், தீர்க்கதரிசனம், குணமாக்குதல், அறியாத மொழியில் பேசும் அந்நியபாஷை எல்லாம் இருந்தன. ஆனால் வேதாகமத்தில் 1 கொரிந்தியர் 12:28இல் குணமாக்கும் வரங்களுக்கும் பாஷைகளுக்கும் நடுவே பவுல் 'ஊழியங்களையும், ஆளுகைகளையும்' என்று, அதாவது உதவி செய்வதையும் நிர்வாகம் செய்வதையும், இரண்டைச் சேர்த்திருக்கிறார். கட்டுரையில் அவை விட்டுப்போயிருந்தன. எழுதியவரைக் குறை சொல்லவில்லை, எங்கள் சபைகளிலும் அவை விட்டுப்போவதுதான் வழக்கம்.

நான் சேலம் உருக்காலையில் 32 வருடம் ஸ்டோர்ஸில் வேலை பார்த்தவன். பாட வராது. மைக் பிடித்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஓய்வு பெற்ற வருடம் சபையில் யாருக்கு என்ன திறமை என்று கேட்கும் ஒரு தாலந்துப் படிவம் கொடுத்தார்கள். பாடகர் குழு, ஜெப ஊழியம், ஓய்வுநாள் பள்ளி, வீட்டுக் கூட்டத்தில் செய்தி என்று ஐந்தாறு கட்டங்கள். எதிலும் டிக் போட முடியாமல் பெயரை மட்டும் எழுதிக் கொடுத்தேன். வாங்கிய தம்பி, "அங்கிள், ஒண்ணுமே இல்லையா?" என்றார். தப்பாகக் கேட்கவில்லை. ஆனாலும் வீட்டுக்கு வந்தபின்பும் அது காதிலேயே இருந்தது.

அப்புறம் நானாகவே போய் ஆயரிடம், ஆலயத்துக்குப் பின்னால் இருக்கும் சாமான் அறையின் சாவியைக் கேட்டேன். மூன்று சனிக்கிழமை பிடித்தது. ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, எண்ணி, நோட்டில் ஏற்றினேன். எவர்சில்வர் தட்டு 214. (அறுப்பின் பண்டிகைக்கு வருடா வருடம் தட்டு வாடகைக்கு எடுத்துக்கொண்டிருந்தோம்.) எலி கடித்த ஊதா பீட விரிப்பு. துருத்தி கிழிந்த ஆர்மோனியம். கடைசியில், பழைய ஃபேன் இறக்கைகளுக்கு அடியில், மடித்து வைத்த ஒரு சக்கர நாற்காலி. யாரோ காணிக்கையாகக் கொடுத்தது. பாலித்தீன் உறைகூட முழுதாகப் பிரிக்கவில்லை, டயரில் மட்டும் காற்று இல்லை.

எங்கள் சபையில் ஒரு அம்மா முழங்கால் போனதிலிருந்து இரண்டு வருடமாக ஆலயத்துக்கு வரவில்லை. ஞாயிறுதோறும் அவருக்காக ஜெபித்துக்கொண்டிருந்தோம், நாற்காலி சுவருக்கு அந்தப் பக்கம் கிடந்தது. செவ்வாய்ப்பேட்டையில் ஒரு சைக்கிள் கடையில் ட்யூப் மாற்றினேன். வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் ஒருவர், அவரும் என்னைப்போல் படிவத்தில் எதற்கும் டிக் போடாதவர், பக்கவாட்டு வாசல் படிக்கு இரும்பில் ஒரு சரிவுப் பலகை அடித்துக் கொடுத்தார். அந்த அம்மா உள்ளே வந்ததும் முதல் வேலையாகத் தன் பழைய இடத்தைத் தேடினார். அங்கே வேறு ஒருவர் உட்கார்ந்திருந்தார். எழுப்பிவிட்டார்!

1 பேதுரு 4:10இல், பெற்ற வரத்தைக் கொண்டு 'நல்ல உக்கிராணக்காரர்போல' ஒருவருக்கொருவர் உதவச் சொல்லியிருக்கிறது. இப்போதைய பிள்ளைகளுக்கு அந்தச் சொல்லே தெரியாது. கல்யாண வீட்டில் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, உக்கிராண அறையில் உட்கார்ந்து, சமையல்காரருக்கு அரிசியும் சர்க்கரையும் அளந்து கொடுப்பாரே ஒரு பெரியப்பா, அவர்தான். பந்தியில் அவர் கண்ணில் படமாட்டார். பாயசம் கடைசிப் பந்திவரை வந்தால் அது அவர் கைவேலை. வரம் பெற்றவர்கள் யாரைப் போல இருக்க வேண்டும் என்று சொல்ல வந்த பேதுருவுக்கு அப்படிப்பட்ட ஆள்தான் நினைவுக்கு வந்திருக்கிறார்.

சரி, இதில் ஒரு மோசமும் உண்டு. 'உங்களுக்கு அந்த வரம் இருக்கு' என்று சொல்லிச் சொல்லியே ஒருவர் தலையில் வேலையைக் கட்டிவிடலாம். ஒரு அக்கா 20 வருடமாகத் திருவிருந்துப் பாத்திரங்களைப் புளி போட்டுத் துலக்கிக்கொண்டிருந்தார். பேச்சுவாக்கில் கேட்டபோதுதான், பிள்ளைகளுக்குக் கதை சொல்ல ஆசை என்றும் இதுவரை யாரும் கேட்டதில்லை என்றும் சொன்னார். இப்போது ஓய்வுநாள் பள்ளியில் சின்னப் பிள்ளைகள் வகுப்பு அவரிடம். பாத்திரத்துக்கு வாலிபர்களை முறை போட்டிருக்கிறோம். பளபளப்பு கொஞ்சம் கம்மிதான்.

தட்டுகளில் நூறு, கிறிஸ்துமஸ் சாப்பாட்டுக்காக 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி ஏற்காட்டில் ஒரு சின்னச் சபைக்குப் போய் வந்தது. எண்ணித்தான் கொடுத்தேன், எண்ணித்தான் வாங்கினேன். பழக்கம் போகாது.

புதுவருடத்துக்குப் படிவம் அச்சடிக்கும் சபைச் செயலர்கள் தங்கள் வாசகர்களில் இருக்கக்கூடும். கடைசியில் 'உங்களுக்கு என்ன வேலை தெரியும்?' என்று ஒரு வரியும், 'என்ன செய்ய ஆசை?' என்று ஒரு வரியும் சேர்த்து, கீழே இடம் விடுங்கள். நாங்கள் சென்ற ஆண்டு சேர்த்தோம். ஆட்டோ ஓட்டும் ஒருவர், 'ஆஸ்பத்திரியில் ராத்துணைக்கு இருக்கத் தெரியும்' என்று எழுதியிருந்தார். இதுவரை மூன்று குடும்பங்களுக்குப் போய் இருந்திருக்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஸ்டோர்ஸ் ஊழியர்,
சூரமங்கலம், சேலம்.