ஃபிர்ஹில் சீசன் டிக்கெட் பற்றி மகளுக்கு

கிளாஸ்கோ,
24 ஜனவரி 2021

அன்புள்ள மகளுக்கு,

உன் மின்னஞ்சலையும், பார்ட்டிக் திசில் கால்பந்துக் கழகத்துக்கு என் பெயரில் அனுப்புவதற்காக நீயே எழுதி இணைத்திருந்த கடிதத்தையும் படித்தேன். கொரோனாவால் பூட்டிக் கிடக்கும் ஃபிர்ஹில் மைதானத்துக்குச் சீசன் டிக்கெட் எதற்கு, கட்டிய பணத்தைத் திரும்பக் கேளுங்கள் என்கிறாய். டிசம்பரில் நியூசிலாந்தில், வெலிங்டனின் பேசின் ரிசர்வ் மைதானத்தில் கூட்டத்தோடு உட்கார்ந்து டெஸ்ட் பார்த்து வந்தவளுக்கு எங்கள் நிலைமை விசித்திரமாகத்தான் இருக்கும். ஆனால் உன் கடிதத்தில் இரண்டு கோபங்கள் கலந்து கிடக்கின்றன. எங்களை உள்ளே விடாத அரசின் மேல் ஒன்று. நம் கழகத்தை ஒரு படி கீழே தள்ளிய லீக்கின் மேல் மற்றொன்று. முதல் கோபம் எனக்கு இல்லை. இரண்டாவது உன்னைவிட எனக்கு அதிகம். இவற்றில் எதுவும் கழகத்திடமிருந்து பணத்தைத் திரும்பப் பெறுவதற்குக் காரணமாகாது என்பதைத்தான் இங்கே எழுதப்போகிறேன்.

இந்த மாதம் 5ஆம் தேதியிலிருந்து வீட்டிலேயே இருக்க வேண்டும் என்பது இங்கே சட்டம். 11ஆம் தேதி, சாம்பியன்ஷிப் என்ற இரண்டாம் பிரிவுக்குக் கீழேயுள்ள எல்லாப் பிரிவுகளின் ஆட்டங்களையும் ஸ்காட்லாந்து கால்பந்துச் சங்கம் நிறுத்திவைத்தது. மாதக் கடைசி வரை என்று சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கையில்லை, நீட்டிப்பார்கள். கடந்த செப்டம்பரில் அபர்டீனிலும் டிங்வாலிலும் ஆட்டத்துக்கு 300 பேரைச் சோதனை முயற்சியாக அனுமதித்தபோது நாங்களும் நாள் எண்ணத் தொடங்கினோம். கிளாஸ்கோவுக்கு அந்தச் சிறு வாய்ப்பும் வரவில்லை. மருத்துவமனைகள் நிரம்பி வழியும்போது நான் வாசலில் நின்று உள்ளே விடு என்று கேட்பது நியாயமாக இருக்காது, அம்மா. உங்கள் நாட்டில் மைதானம் திறந்திருப்பதற்குக் காரணம் எல்லையை அடைத்து நோயைத் துரத்தியதுதானே தவிர, உங்கள் அரசுக்கு விளையாட்டின் மேல் எங்களைவிடப் பிரியம் அதிகம் என்பதல்ல.

இதில் எரிச்சலூட்டும் ஒன்று உண்டு, அதை மறைக்கவில்லை. விதிகளை மீறி முதலமைச்சரின் கோபத்துக்கு ஆளானது சிறு கழகங்கள் அல்ல. ஆகஸ்ட்டில் அபர்டீன் வீரர்கள் எட்டுப் பேர் மதுக்கூடத்துக்குப் போனார்கள். செல்டிக் கழகத்தின் போலி போலிங்கோலி யாரிடமும் சொல்லாமல் ஸ்பெயினுக்குப் போய்வந்து, தனிமைப்படுத்திக்கொள்ளாமல் களத்திலும் இறங்கினார். இதை மஞ்சள் அட்டையாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று முதலமைச்சர் நிக்கோலா ஸ்டர்ஜன் அப்போது எச்சரித்தது உனக்கும் தெரியும். இந்த மாதத் தொடக்கத்தில் செல்டிக் அணி துபாய்க்குப் பயிற்சி முகாம் போய்த் திரும்பியதும் ஒருவருக்குத் தொற்று உறுதியாகி, பயிற்சியாளர் நீல் லெனனும் பதின்மூன்று வீரர்களும் தனிமைக்குப் போனார்கள். அவர்கள் லீக் தொடர்கிறது. அதே நேரத்தில் ஆட்டம் நின்றது எங்களுக்கு. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று தோன்றாமல் இல்லை. ஆனால் மேல்மட்டக் கழகங்கள் வாராவாரம் பரிசோதனை செய்கின்றன. பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு மாலையில் பயிற்சிக்கு வரும் வீரர்களை வைத்து நடத்தும் கழகங்களால் அந்தச் செலவைத் தாங்க முடியாது. நம்முடையது முழுநேரக் கழகம்தான், ஆனால் மூன்றாம் பிரிவான லீக் ஒன்னில் நம்மோடு மோதும் பலர் அப்படியல்ல. எல்லோரையும் சேர்த்து நிறுத்தியதில் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை.

நாம் ஏன் லீக் ஒன்னில் இருக்கிறோம் என்பதுதான் வேறு கதை. உன் கடிதத்தில் அதற்கு நீ இரண்டே வரி ஒதுக்கியிருக்கிறாய்; அங்கேதான் அதிகம் எழுதியிருக்க வேண்டும்.

2020 மார்ச் 13 அன்று ஆட்டங்கள் நின்றபோது சாம்பியன்ஷிப்பில் நாம் கடைசி இடத்தில் இருந்தோம்: 27 ஆட்டங்கள், 26 புள்ளிகள். நமக்கு மேலே இருந்த குவீன் ஆஃப் தி சவுத் 28 ஆட்டங்களில் 28 புள்ளிகள் எடுத்திருந்தது. நம் கையில் இன்னும் ஒன்பது ஆட்டங்கள் இருந்தன; அந்தக் கூடுதல் ஆட்டம் ஒன்றை வென்றிருந்தாலே நாம் மேலே போயிருப்போம். லீக் நிர்வாகம் ஒரு ஆட்டத்துக்கு இத்தனை புள்ளிகள் என்று சராசரி பார்த்தது. அவர்களுக்கு 1.00, நமக்கு 0.96. பாக்கி இருந்த கால்பங்கு சீசனுக்குப் பதிலாக இந்த வித்தியாசத்தை வைத்து ஒரு கழகத்தைக் கீழ்ப்பிரிவுக்கு அனுப்பினார்கள். அதே கணக்கை வைத்து செல்டிக்குக்குக் கோப்பை கொடுத்ததை நான் குறை சொல்லமாட்டேன். பதின்மூன்று புள்ளிகள் முன்னிலையில் இருந்தார்கள். பதினான்கு புள்ளிகள் முன்னிலையில் இருந்த டண்டீ யுனைடெட் மேலே போனதும் சரிதான். அவ்வளவு பெரிய இடைவெளிக்குப் பொருந்தும் அளவுகோலை இரண்டு புள்ளி இடைவெளிக்கும் ஒரு யோசனையில்லாமல் வைத்தார்களே, அதுதான் அநியாயம்.

அதைவிடப் பெரிய அநியாயம் வாக்கெடுப்பு நடந்த விதம். ஏப்ரல் தொடக்கத்தில் எல்லாக் கழகங்களும் பணமில்லாமல் தவித்தன. சீசன் முடிந்ததாக அறிவித்தால்தான் பரிசுத்தொகையைப் பங்கிட முடியும் என்று நிர்வாகம் சொன்னது. முன்பணத்தைக் கடனாகக் கொடுக்கலாம் என்று ரேஞ்சர்ஸ் கொண்டுவந்த மாற்றுத் தீர்மானம் செல்லாது என்று தள்ளப்பட்டது. ஆக, பணம் கொடுப்பதும், சீசனை முடிப்பதும், கடைசி இடத்தில் இருப்பவரைக் கீழே இறக்குவதும் ஒரே தீர்மானத்துக்குள் கட்டப்பட்டன. கல்லாப்பெட்டி காலியான ஒரு சிறு கழகத்தின் முன்னால் இதை வைத்தால் அது யாரைப் பற்றி யோசிக்கும்? சட்டப்படி பதிலளிக்க 28 நாள் அவகாசம் இருந்தும், ஏப்ரல் 10, புனித வெள்ளி மாலை 5 மணிக்குள் பதில் தேவை என்று கேட்டார்கள். முதல் பிரிவான பிரீமியர்ஷிப்பில் பன்னிரண்டில் ஒன்பது, சாம்பியன்ஷிப்பில் பத்தில் எட்டு, கீழுள்ள இரண்டு பிரிவுகளிலும் சேர்த்து இருபதில் பதினைந்து வாக்குகள் தேவை. மற்ற இடங்களில் எண்ணிக்கை தேறிவிட்டது. சாம்பியன்ஷிப்பில் ஏழு ஆதரவு. நாமும் இன்வெர்னஸும் எதிர்ப்பு. டண்டீ கழகத்தின் (டண்டீ யுனைடெட் அல்ல, இது வேறு கழகம்) வாக்கு மட்டும் வந்துசேரவில்லை.

டண்டீ "வேண்டாம்" என்றுதான் வாக்களித்திருந்தது. அந்த மின்னஞ்சல் லீக்கின் கணினியில் எங்கோ சிக்கிக்கொண்டது. அது வெளியே வருவதற்குள், அந்த வாக்கைக் கணக்கில் எடுக்காதீர்கள் என்று டண்டீயே சொல்லிவிட்டது. ஐந்து நாள் கழித்து, ஏப்ரல் 15 அன்று, அது "ஆம்" ஆனது. அந்த ஒற்றை வாக்கில்தான் நம் கதை முடிந்தது. இதில் சட்டமீறல் இருந்தது என்று நான் சொல்லவில்லை. சொந்த லாப நஷ்டம் பார்க்கும் நாற்பத்திரண்டு முதலாளிகளிடம் நீதிபதி வேலையையும் கொடுத்தால் இப்படித்தான் முடியும் என்கிறேன்.

நமக்கு மட்டும் நடந்ததாகப் புலம்புவதும் தவறு. லீக் ஒன்னில் ரெய்த் ரோவர்ஸுக்கு ஒரே ஒரு புள்ளி பின்னால் நின்ற ஃபால்கர்க்குக்கு மேலே போகும் வாய்ப்பு பறிபோனது. இப்போது அவர்களும் நம்மோடுதான் இருக்கிறார்கள். மே 18 அன்று பிரீமியர்ஷிப்பையும் முடித்து, எட்டு ஆட்டங்கள் பாக்கியிருக்கும்போதே ஹார்ட்ஸ் கழகத்தை இறக்கினார்கள். ஆனால் நான்காம் பிரிவான லீக் டூவின் கடைசியில் இருந்த பிரெக்கின் சிட்டியை மட்டும் யாரும் தொடவில்லை. அவர்கள் வெளியேறுவதற்கு அதற்கும் கீழேயுள்ள ஹைலேண்ட், லோலேண்ட் லீக் வெற்றியாளர்களுடன் பிளே-ஆஃப் நடந்திருக்க வேண்டும். கொரோனாவால் அது ரத்து, ஆகவே பிரெக்கின் தப்பித்தது. ஆட்டம் நடக்காததால் ஒருவர் பிழைத்தார், அதே காரணத்தால் நாம் கீழே போனோம். பிரெக்கின் மேல் எனக்கு வருத்தமில்லை. விதியை வகுத்தவர்கள் இதை எந்த முகத்தோடு விளக்குவார்கள் என்று கேட்கத்தான் ஆசை.

பதினான்கு அணிகள் கொண்ட பிரீமியர்ஷிப்போடு லீக்கைத் திருத்தி அமைத்தால் யாரும் இறங்க வேண்டியதில்லை என்று ஒரு யோசனை வந்தது. ஜூனில் அதையும் கழகங்கள் நிராகரித்தன. ஹார்ட்ஸோடு சேர்ந்து நாம் உயர்நீதிமன்றம் போனோம். எங்களை மீண்டும் எங்கள் இடத்தில் சேருங்கள், இல்லையென்றால் இருவருக்குமாக ஒரு கோடி பவுண்டு இழப்பீடு தாருங்கள் என்பது வழக்கு. அதில் நம் பங்கு 20 லட்சம். நீதிபதி அதைக் கால்பந்துச் சங்கத்தின் நடுவர் மன்றத்துக்கு அனுப்பினார். ஜூலை 27 அன்று மன்றம் நமக்கு எதிராக முடிவு சொன்னது. அத்துடன் அந்த வழி அடைபட்டது.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். தொலைக்காட்சிப் பணத்தில் கொழிக்கும் லீக் அல்ல இது. ஸ்காட்லாந்தின் கழகங்கள், அதிலும் கீழ்ப்பிரிவுக் கழகங்கள், வாசலில் வசூலாகும் காசில்தான் பிழைப்பு நடத்துகின்றன. வாசல் மூடினால் வருமானமும் மூடிவிடுகிறது. ஊதியத்தில் 80 சதவீதத்தை, மாதம் 2,500 பவுண்டு வரை, அரசு ஏற்கும் திட்டம் இல்லையென்றால் எத்தனை கழகங்கள் இன்று இருந்திருக்கும் என்று சொல்ல முடியாது. டிசம்பரில் ஸ்காட்லாந்து அரசு அறிவித்த மூன்று கோடி பவுண்டு உதவியில் இரண்டு கோடி பிரீமியர்ஷிப்புக்குக் கடன், ஒரு கோடி மற்றவர்களுக்கு மானியம். நல்லதுதான், ஆனால் அது பலருக்கும் பிரிந்து போகும் பணம். நம் கழகத்தின் ஒரே நிலையான வருமானம் என்னைப் போன்றவர்கள் முன்கூட்டியே கட்டிய சீசன் டிக்கெட் சந்தாதான்.

கோலின் வெயர் வாங்கிவைத்த, கழகத்தின் 55 சதவீதப் பங்கு ரசிகர்களுக்கு வரத்தானே போகிறது, அப்புறம் ஏன் சந்தா என்று எழுதியிருந்தாய். லாட்டரியில் வென்ற செல்வத்தில் அந்த மனிதர் நம் கழகத்துக்குச் செய்தது கொஞ்சநஞ்சமல்ல. 2019 டிசம்பரில் அவர் காலமானார்; கைமாற்றம் இன்னும் நடந்துமுடியவில்லை. நாளைக்கே நடந்தாலும் பங்குப் பத்திரத்தை வைத்து யாருக்கும் சம்பளம் கொடுக்க முடியாது. உரிமையாளர் ஆகப்போகிறவன் பூட்டைக் காரணம் காட்டிப் பணத்தை உருவிக்கொண்டால், பிறகு எதற்கு உரிமையாளர்?

நான் கட்டிய பணத்துக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்றும் நினைக்காதே. ஆட்டம் நடந்தவரை நேரலையில் பார்த்தேன். கேமரா மேலே ஒரே இடத்தில் இருக்கும். பந்து அருகிலுள்ள பக்கக்கோட்டை ஒட்டி ஓடினால் திரையில் ஆளின் தலை மட்டும் தெரியும். கூட்டம் இல்லாததால் கோல்கீப்பர் தன் தடுப்பாட்டக்காரர்களைத் திட்டும் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்கும். மைதானத்து நாற்காலியில் உட்கார்ந்து பார்த்த இத்தனை ஆண்டுகளில் அது நம் காதில் விழுந்ததேயில்லை. உன் அம்மா ஒலியைக் குறைக்கச் சொன்னாள். ஆட்டம் இல்லாத சனிக்கிழமைகளில் உடற்பயிற்சி என்ற சலுகையில் கால்வாய்க் கரை வழியாக மைதானத்தைச் சுற்றி நடந்துவிட்டு வருகிறேன். என்னைப் போலவே இன்னும் சில கிழவர்கள், சிவப்பு மஞ்சள் துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, இரண்டு மீட்டர் தள்ளி நின்று, டண்டீயின் அந்த மின்னஞ்சலைப் பற்றியே இன்னும் பேசுகிறார்கள்.

ஆகவே நீ எழுதிய கடிதத்தை அனுப்பாதே. என் பெயரில் ஏதாவது அனுப்பியே தீரவேண்டும் என்றால், பணத்தைப் பற்றிய பத்திகளை எடுத்துவிட்டு, கழக இயக்குநர்களுக்கு ஒரு வேண்டுகோள் வை: லீக்கின் அடுத்த பொதுக்கூட்டத்தில், பரிசுத்தொகைப் பங்கீட்டையும் பிரிவு இறக்கத்தையும் ஒரே தீர்மானத்தில் சேர்க்கக்கூடாது என்று ஒரு விதித் திருத்தத்தை முன்மொழியச் சொல். ஃபால்கர்க்கும் இன்வெர்னஸும் சேர்ந்து நிற்க வாய்ப்புண்டு. ஆங்கிலத்தில் நீ என்னைவிட நன்றாக எழுதுவாய்; எழுதி முதலில் எனக்கு அனுப்பு. ஆட்டம் மீண்டும் தொடங்கினால் உங்கள் ஊரில் அது ஞாயிறு அதிகாலை 4 மணி. எழுந்திருக்க முடியுமென்றால் உனக்கும் ஒரு நேரலைச் சந்தா வாங்கிக்கொள், அதன் பணம் கழகத்துக்குத்தான் போகிறது.

அன்புடன்,
அப்பா