டான்டனில் பக்கத்து இருக்கைப் பெரியவருக்கு நன்றி

ஏப்ரல் பிறந்து இங்கிலாந்தின் கவுண்டி சாம்பியன்ஷிப் கிரிக்கெட்டும் தொடங்கிவிட்டது! டான்டனில் சாமர்செட் அணியின் முதல் நாள் ஆட்டம் பார்த்த மகிழ்ச்சி இன்னும் அடங்கவில்லை. அதில் பாதி, பெயர் தெரியாத ஒரு பெரியவர் தந்தது.

செயின்ட் ஜேம்ஸ் தேவாலயக் கோபுரம் தெரியும் வரிசையில் உட்கார்ந்திருந்தோம். வெயில் அடித்தும் குளிர்காற்று எலும்பைத் துளைத்தது. நடுங்கிய என் மகளின் மடியில் தம் கம்பளிப் போர்வையை விரித்தார் அவர். ஃபிளாஸ்க் மூடியில் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். பிறகு தம் ஸ்கோர் நோட்டைப் பிரித்து, பென்சிலை அவளிடமே தந்துவிட்டார். ரன் இல்லாத பந்துக்கு ஒரு புள்ளி. ஓவரின் ஆறு பந்துகளும் புள்ளியானால், அவற்றைக் கோடிட்டு இணைத்து 'எம்' எழுத்தாக்க வேண்டும், அதுதான் மெய்டன். டியூக்ஸ் நிறுவனத்தின் புதிய பந்து வளைந்த வளைவில் அப்படி ஓர் ஓவர் அமைந்ததும் மகள் துள்ளிக் குதித்தாள்.

ஐயா, 1891 முதல் இந்தப் போட்டியில் ஆடும் சாமர்செட் இதுவரை பட்டம் வென்றதில்லை. "இந்த ஆண்டு நிச்சயம்" என்றீர்களே, நானும் அப்படியே நம்புகிறேன். மகள் தனக்கென்று ஸ்கோர் நோட்டு வாங்கிவிட்டாள். அடுத்த ஆட்டத்துக்குத் தேநீர் எங்கள் பொறுப்பு. மனமார்ந்த நன்றி.