டப்பாக்களை மாடியிலிருந்து இறக்கு

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய போட்டோ வந்தது. துருப்பிடித்த ஏழு பிலிம் டப்பா, மேலே உன் மொட்டைமாடி அறையின் ஆஸ்பெஸ்டாஸ் கூரை. ஒரு வார்த்தை எழுதவில்லை. பத்து நாளாகப் போனையும் எடுக்கவில்லை. சித்தப்பா வீட்டுப் பரணில் ஏறி நீயே இறக்கினாய் என்று அம்மா சொன்னாள். சரி. முதலில் அந்த அறையிலிருந்து அவற்றை எடு.

1938 வாக்கில் வந்த 35 எம்எம் பிரிண்ட் என்றால் நைட்ரேட்தான், சட்டென்று தீப்பிடிக்கும் பழைய வகை பிலிம். எளிதில் பற்றாத சேஃப்டி பிலிம் தியேட்டர்களுக்கு வந்ததே 1950ஐ ஒட்டி. கெட ஆரம்பித்த நைட்ரேட் சுருள், 41 டிகிரிச் சூட்டில் நாள்கணக்கில் கிடந்தால் தானாகவே பற்றிக்கொள்ளும். சென்னையில் மே மாதம் தெருவிலேயே அந்தச் சூடு உண்டு. ஆஸ்பெஸ்டாஸுக்கு அடியில் கேட்கவே வேண்டாம். பற்றினால் தண்ணீர், மணல் எதற்கும் அடங்காது. தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தானே உண்டாக்கிக்கொண்டு எரியும். அந்தப் புகையில் வெறும் இருமலோடு தப்பித்த மாதிரி இருக்கும், சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். அணைக்க நிற்காதே. கதவைச் சாத்திவிட்டு ஓடு.

கீழ்த்தளத்தில் ஆள் படுக்காத, வண்டி நிறுத்தாத, காற்றோட்டமான இடமாகப் பார். ஸ்விட்ச் போர்டு பக்கம் வேண்டாம். பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டாதே; உள்ளே ஊறும் வாயு அடைபட்டால் இன்னும் வேகமாகக் கெடும்.

திறப்பதானால் விடியற்காலையில், வெளியே, நிழலில் திற. மூடி இறுகியிருந்தால் சுத்தியலை எடுக்காதே, அப்படியே விட்டுவிடு. காடி வாடை அடித்தால் அது அசிடேட், அதாவது சேஃப்டி பிலிம். மூக்கைக் குத்தும் அமில நெடி என்றால் நைட்ரேட். சுருள் பழுத்து உருவம் மங்கியிருந்தால் இன்னும் காப்பி எடுக்கலாம். சுற்றோடு சுற்று பிசின் போல ஒட்டியிருந்தாலும் நிறையவே மீட்கலாம், ஆனால் நீ இழுத்துப் பிரிக்காதே. நுரைத்துத் தேன் மாதிரி கசிந்திருந்தால் சில அடிகள்தான் தேறும். பழுப்புத் தூளாகியிருந்தால் தொடவே தொடாதே, ஒரு பொறி போதும்.

வெளிச்சுற்றின் ஓரத்தைப் பூதக்கண்ணாடியில் பார். அமெரிக்கக் கோடக் பிலிமாக இருந்தால் பெயருக்குப் பக்கத்தில் சதுரம் என்றால் 1937, முக்கோணம் என்றால் 1938. இருபது வருடத்துக்கு ஒருமுறை அதே குறி திரும்ப வரும். 1917 இல்லை என்று பேசும் படத்துக்கே உரிய ஒலிக்கோடு சொல்லும், 1957 இல்லை என்று ஓரத்தில் உள்ள நைட்ரேட் என்ற எழுத்து சொல்லும். அது பிலிம் தயாரான வருடம், படம் வெளியான வருடம் அல்ல. நெகட்டிவின் குறியும் பிரிண்டில் பதிந்திருக்கும், ஏமாந்துவிடாதே.

நீ செய்தது பெரிய காரியம், அதையும் சொல்ல வேண்டும். ஒரு வருடத்துக்கு மேல் ஓடிய சிந்தாமணி படத்துக்கே (1937) இன்று ஒரு பிரிண்ட் இல்லை. டப்பாவுக்கு 1000 அடி, நிமிடத்துக்கு 90 அடி ஓடும். ஏழும் தேறினால் ஏறக்குறைய 78 நிமிடப் படம் உன் கையில். புணே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கு எழுது. நைட்ரேட் என்று முதல் வரியிலேயே சொல். நீயாக ரயிலிலோ பஸ்ஸிலோ தூக்கிக்கொண்டு போகாதே. அதுவரை அந்த மாடியில் வேண்டாம் கயல்.

தாத்தாவின் மற்ற டப்பாக்கள் எங்கே என்று தீபாவளிக்குக் கேட்டாய். வெள்ளத்தில் போயிற்று என்றேன். போகவில்லை. வெள்ளி எடுப்பவரிடம் எடைக்குப் போட்டது நான்தான். சூடான காரத் தண்ணீரில் ஊறவைத்தால் படம் பதிந்திருக்கும் எமல்ஷன் பூச்சு உரிந்து வெள்ளி அவருக்கு, வெறும் கண்ணாடி மாதிரி பிலிம் மிச்சம். படம் போய்விடும் என்று தெரிந்துதான் போட்டேன். உனக்கு அது ஏற்கெனவே தெரிந்திருக்கிறது என்று நினைக்கிறேன். போட்டோவில் மூன்றாவது மூடியில் இருப்பது தாத்தாவின் கையெழுத்து.

இன்று சாயங்காலத்துக்குள் இறக்கிவிடு. இறக்கியதும் இன்னொரு போட்டோ அனுப்பு. எழுத வேண்டாம், போட்டோ போதும்.

அப்பா