வயதைப் பார்க்காமல் எப்படி ஒப்பிடுவது?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் நம் ரொறன்ரோவின் பேஸ்போல் அணியான புளூ ஜேய்ஸின் மைனர் லீக் (மேஜர் லீக்குக்கு வீரர்களைத் தயார்படுத்தும் கீழ்நிலை லீக்குகள்) இளைஞர்களை ஒப்பிட்டு வந்த கட்டுரையை வீட்டில் எல்லோரும் படித்தோம். தமிழில் பேஸ்போல் பற்றி இவ்வளவு விரிவாக எழுதுகிறீர்களே, அதற்கு முதலில் நன்றி. ஆனால் 2018இல் புளூ ஜேய்ஸின் டபுள்-ஏ அணியான நியூ ஹாம்ப்ஷயரில் ஒன்றாக ஆடிய கேவன் பிஜியோ, போ பிஷெட், விளாடிமிர் குரேரோ ஜூனியர் மூவரையும் ஹோம் ரன் (கிரிக்கெட்டின் சிக்ஸர் மாதிரி) கணக்கை மட்டும் வைத்து வரிசைப்படுத்தி, பிஜியோவை முதலிடத்தில் வைத்ததை என்னால் ஏற்க முடியவில்லை.

சரி, அந்த வருடம் 26 ஹோம் ரன் அடித்து, அந்த அணி ஆடும் ஈஸ்டர்ன் லீக்கின் மிகச் சிறந்த வீரர் விருதை வாங்கியவர் பிஜியோதான். ஆனால் அவருக்கு அப்போது 23 வயது. போ பிஷெட்டுக்கு 20. விளாடிமிர் குரேரோ ஜூனியருக்கு 19தான். டபுள்-ஏ என்பது மேஜர் லீக்குக்கு இரண்டு படி கீழே. அங்கே பந்து வீசுகிறவர்களில் பெரும்பாலானோர் குரேரோவைவிடப் பல வயது மூத்தவர்கள். அவர்களுக்கு எதிராக 61 ஆட்டங்களில் அவருடைய சராசரி .402. கிரிக்கெட் பார்த்துப் பழகிய நம்மவர்களுக்காகச் சொல்கிறேன்: இந்த ஆட்டத்தில் பத்துக்கு மூன்று முறை ஹிட் எடுத்தாலே நல்ல மட்டையாளர். இவர் பத்துக்கு நாலு.

அந்த ஓகஸ்டில் குரேரோ ஒரு படி மேலே, ட்ரிபிள்-ஏ அணியான பஃபலோவில் ஆடுகிறார் என்று தெரிந்ததும் மகனைக் கூட்டிக்கொண்டு எல்லை தாண்டிப் போனேன். என் மனதில் நின்றது அவருடைய பலமல்ல, பொறுமை. பந்து எறிபவரின் கையை விட்டதுமே அதைத் தொடலாமா வேண்டாமா என்று அவருக்குத் தெரிந்துவிடுகிறது. எந்தப் பட்டியலிலும் இதைப் பார்க்க முடியாது.

பிறகு நடந்ததைப் பாருங்கள். 2021இல் குரேரோ 48 ஹோம் ரன் அடித்தார். அந்த வருடமும் அடுத்த வருடமும் மேஜர் லீக்கின் ஒரு பாதியான அமெரிக்கன் லீக்கில் அதிக ஹிட் எடுத்தவர் பிஷெட். பிஜியோ 2024இல் வேறு அணிக்குப் போய்விட்டார்.

இன்னொரு குறை. மூவருமே புகழ்பெற்ற ஆட்டக்காரர்களின் பிள்ளைகள் என்பதால் கட்டுரை அவர்களோடு நின்றுவிட்டது. அதே புளூ ஜேய்ஸின் மைனர் லீக் அணிகளில் வளர்ந்த அலஹாந்த்ரோ கேர்க் எங்கே? குரேரோவை 2015இல் 39 லட்சம் டொலருக்கு ஒப்பந்தம் செய்தார்கள். மெக்சிகோவின் திஹுவானாவிலிருந்து கேர்க்கை எடுத்தது அடுத்த வருடம், வெறும் 30,000 டொலருக்கு. குள்ளமான, கட்டையான உடம்பு. பார்த்தவுடன் யாரும் வீரர் என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் 2019இல் டபுள்-ஏவுக்கும் கீழ்ப்படிகளான லான்சிங்கிலும் டனீடினிலும் அவர் ஸ்ட்ரைக் அவுட் (மூன்று நல்ல பந்துகளைத் தவறவிட்டு ஆட்டமிழப்பது) ஆனதைவிட, நான்கு மோசமான பந்துகளைத் தொடாமல் விட்டு, வோக் வாங்கி முதல் பேஸுக்கு நடந்ததுதான் அதிகம். அடுத்த வருடம் கொரோனாவால் மைனர் லீக்கே நடக்கவில்லை. டபுள்-ஏ, ட்ரிபிள்-ஏ எதிலும் ஆடாமல் நேராக ரொறன்ரோவுக்கு வந்தார். அப்புறம் இரண்டு முறை, மேஜர் லீக்கின் சிறந்த வீரர்கள் ஆடும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வானார். இவரை விட்டுவிட்டு என்ன ஒப்பீடு?

அடுத்த கட்டுரையில் ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் வயதையும் ஆடும் படியையும் போடுங்கள். பந்து வீசுபவர்களையும் சேருங்கள். ட்ரே யெசாவேஜ் 2025ஐத் தொடங்கியது டனீடினில். வான்கூவர், நியூ ஹாம்ப்ஷயர், பஃபலோ என்று ஒரே பருவத்தில் ஏறி வந்து, மேஜர் லீக்கின் இறுதிப் போட்டியான உலகத் தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில், எதிரணியான லாஸ் ஏஞ்சலஸ் டொஜர்ஸின் சொந்த மைதானத்திலேயே 12 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார். அப்படி இன்னொருவர் இப்போது டனீடினில் இருந்தால், அவர் பெயரை முதலில் உங்கள் பத்திரிகையில் படிக்க ஆசைப்படுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஸ்காபரோ