ஞாயிறு சந்திப்பு: வைக்கோல் வண்டி

நண்பர்களுக்கு வணக்கம். இந்த ஞாயிறு காலை 8 மணிக்கு, பெங்களூரு கப்பன் பூங்காவில் மத்திய நூலகத்தின் சிவப்புக் கட்டடத்துக்கு முன்னால் கூடுகிறோம். பேசப்போவது நெதர்லாந்து ஓவியர் ஹைரோனிமஸ் போஷின் ‘வைக்கோல் வண்டி’ பற்றி. சுமார் 500 ஆண்டுப் பழைய முப்பலகை ஓவியம். மாட்ரிட் பிராடோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

நடுப்பலகையில் மலைபோல ஒரு வைக்கோல் போர். ஒரு பிடி உருவுவதற்காக ஏணி சாய்க்கிறார்கள், சக்கரத்தடியில் விழுகிறார்கள், ஒருவன் இன்னொருவன் கழுத்தையே அறுக்கிறான். போப்பும் பேரரசரும் குதிரையில் பின்தொடர்கிறார்கள். வண்டியை இழுப்பவை கோரப் பூதங்கள். போய்ச் சேரும் இடம் வலப்பலகையின் நரகம். மேகத்தில் கிறிஸ்து கைவிரித்து நிற்கிறார். அண்ணாந்து பார்ப்பது ஒரே ஒரு வானதூதர்! வலது கீழ்மூலையில் கன்னியாஸ்திரீகள் சாக்கில் வைக்கோலைத் திணிப்பதை அவசியம் பெரிதாக்கிப் பாருங்கள்.

பண்டிகைத் தள்ளுபடி முடிந்த மறுநாள், எங்கள் குடியிருப்பின் அடித்தளத்தில் காலி அட்டைப்பெட்டிகள் தோள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தன. மூன்றில் என் பெயர் இருந்தது. அன்றிரவு இந்தப் படத்தை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை.

பெரிய அச்சுப் பிரதி கொண்டுவருகிறேன். ஞாயிறன்று பூங்காவுக்குள் வாகனங்களுக்கு அனுமதி இல்லை, மெட்ரோவில் வாருங்கள்.